முகப் பிரஷ் வரலாற்றார்

முகம் கழுவுற ஒரு பிரஷுக்காக ஒபிசிலை இருந்து குலுங்கிக் குலுங்கி அழுத தமிழ் ஆம்பிளை இந்த உலகத்திலை ஒரேயொராள்தான். அவர் எங்கடை வரலாற்றார். வேறை ஆரும் இருந்தா அறிவியுங்கோ, நான் பத்தி எழுதுறதை விட்டிட்டு உருப்படியான வேலை ஏதும் பாக்கிறன். பல்லுப் பிரஷுக்கு ஆரும் அழுதா நான் மன்னிப்பன், பல்லுக்குக் கொதி, வலி எண்டு ஒண்டு இருக்கு. முகத்துக்குக் கரண்டிலை ஓடுற பிரஷ் எண்டது எங்கடை ஆக்களிலை முக்கால்வாசிப் பேருக்கு விளங்காத சங்கதி. எனக்கும் விளங்கேல்லை. விளங்காமலே சில வருசம் அதைப் பற்றிப் போனிலை மறுமொழி சொல்லிச் சம்பளம் வாங்கினனான்.

கனடா ஸ்காபரோவிலை ஒரு கடைப் பிளாசா. கீழை மீன்கடை, மேல்மாடியிலை எங்கடை கோல் சென்ரர். அமெரிக்கா, கனடா முழுக்க எந்தப் பெண்டு அந்தப் பிரஷாலை முகம் கழுவேக்கை அது நிண்டுபோனாலும், அவ அடிக்கிற நம்பர் எங்கடை மேசையிலைதான் வந்து மணியடிக்கும். அவை பளிங்கு போட்ட குளியலறையிலை நிண்டு கதைப்பினம். நாங்கள் விளைமீன் மணத்துக்கு நடுவிலை இருந்து, "உங்கள் சருமத்தின் நலன் எங்கள் பாக்கியம்" எண்டு இங்கிலிசிலை சொல்லுவம்.

எங்களுக்குச் சம்பளம் தாறது ஆர் எண்டு கேட்டா, அதுவும் குழப்பம். பிரஷைக் கண்டுபிடிச்சவை அமெரிக்காவிலை. அவையிட்டை இருந்து அதை வாங்கின பெரிய கொம்பனி பிரான்சிலை. பக்ரறி வேறை எங்கையோ. போன் எடுக்கிற நாங்கள் மீன்கடைக்கு மேலை. ஒருநாள் தலைமை ஒபிசிலை இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்டு எடுத்து, "நீங்கள் ஆர்?" எண்டு என்னட்டைக் கேட்டா. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. "நான் ஜெசிக்கா" எண்டன். அதுவும் பொய். போனிலை எல்லாருக்கும் ஒரு இங்கிலிஸ் பேர் தந்திருந்தவை.

மனேஜர் கோயம்புத்தூர்த் தம்பி. நல்ல படிச்ச பிள்ளை, பாவம். எங்கடை தமிழ் அவருக்கு விளங்காது. அவற்றை தமிழ், நாடகம் பாத்த புண்ணியத்திலை எங்களுக்கு விளங்கும். ஆகவே அவற்றை ரகசியம் எல்லாம் எங்களுக்குத் தெரியும், எங்கடை ரகசியம் ஒண்டும் அவருக்குத் தெரியாது. ஒபிஸ் அமைதியா ஓடினது அதாலைதான்.

இதுக்குள்ளைதான் வரலாற்றார் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்குக் கிட்ட. ஆடி மாதத்து வெய்யிலிலையும் ஸ்வெற்றர். கதிரைக்கு வீட்டிலை இருந்து சொந்தமா ஒரு தலையணை. இருக்கிறது ரெக்ஸ்டேலிலை. ஊரிலை உள்ள தமிழ்ச் சனமெல்லாம் ஸ்காபரோவிலை வீடு தேடேக்கை இந்த மனுசன் நகரத்தின்ரை மற்றத் தொங்கலிலை இருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வேலைக்கு வருவார். "ஏன் அண்ணை உந்தக் கோதாரி? இஞ்சை கிட்டடியிலை ஒரு பேஸ்மென்ற் எடுக்கலாமே" எண்டு கேட்டன். "ரெக்ஸ்டேலிலை காத்து நல்லது" எண்டார். ரெக்ஸ்டேலிலை விமானம் தலைக்கு மேலாலை போறது. அந்தக் காத்தை ஆர் விரும்பிச் சுவாசிப்பினம்?

பயிற்சி வகுப்பிலையே ஆள் கலகத்தைத் தொடங்கிட்டார். மனேஜர்த் தம்பி பிரஷை எப்பிடிக் கரண்டிலை செருகிச் சாச் பண்ணுறது எண்டு காட்டிக்கொண்டு நிக்கிறார். இவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, இதை ஆர் கண்டுபிடிச்சது?"

"அது நமக்குத் தேவையில்லை சார். கஸ்டமர் அதைக் கேக்க மாட்டாங்க."

"அவை கேக்காட்டிலும் நாங்கள் சொல்லவேணும் எல்லே. மூலம் தெரியாமல் எப்பிடி விக்கிறது?"

"சார், நாம விக்கலை. ரிப்பேர் கம்ப்ளெயின்ட் மட்டும்தான் வாங்குறோம்."

"பிழை திருத்துறதுக்கும் மூலம் தெரியவேணும்" எண்டு சொல்லிப்போட்டு இருந்தார். அடுத்த கிழமை வரேக்கை எங்கையெல்லாம் தோண்டினாரோ தெரியாது, முழுப் புராணத்தோடை வந்தார். வரலாற்றார் எண்ட பேரும் அண்டைக்கே விழுந்திட்டுது.

அவர் எடுத்த முதல் கோல் எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ளை கேக்குது. பக்கத்துக் கதிரை நான். மற்றப் பக்கத்திலை கல்கரியோ எங்கையோ இருந்து ஒரு மனுசி, தன்ரை பிரஷ் சுத்துதில்லை எண்டு முறைப்பாடு. அவர் இங்கிலிசிலை சொன்னதை நான் தமிழிலை தாறன்.

"மடம், சுத்தேல்லை எண்டு கவலைப்படாதையுங்கோ. அது சுத்தக் கூடாது. சுத்தினா அது எங்கடை பிரஷே இல்லை. இது பக்கத்துக்குப் பக்கம் ஆடும். ஏன் ஆடுது எண்டு விளங்கவேணுமெண்டா நாங்கள் பல்லிலை இருந்து தொடங்கவேணும்."

பேந்து தொடங்கினாரே! ஆதியிலை பல்லு இருந்ததாம். அந்தப் பல்லுக்குக் கரண்டிலை அதிர்ற ஒரு பிரஷைச் சில கெட்டிக்கார இஞ்சினியர்மார் செய்து, பேர் எடுத்து, நல்ல விலைக்கு வித்துப்போட்டுச் சும்மா இருந்தவையாம். சும்மா இருக்கேலுமோ? பல்லைத் துலக்கின அதிர்வு முகத்தைத் துலக்காதோ எண்டு ஒராளுக்கு யோசினை வந்துதாம். முதலிலை தோல் டொக்ரர்மாரிட்டைத்தான் கொண்டுபோய்க் குடுத்தவையாம். பிறகு ரீவியிலை பெரிய ஒரு அம்மா நல்ல வார்த்தை ஒண்டு சொல்ல, பெண்டுகள் எல்லாம் கடைக்கு ஓடிச்சினமாம். இந்த இடத்திலை அவற்றை குரல் தாழும். "பேந்துதான் மடம், பிரான்ஸ்காரர் வந்தவை." அதிலை நிப்பாட்டிப்போட்டு ஒரு மூச்சு விடுவார். கல்கரி மனுசியும் அங்காலை மூச்சு விட்டா. பிரஷ் சரியாத்தான் வேலை செய்யுது எண்டு கடைசியா அவவுக்கு ஞாபகம் வந்து, நன்றி சொல்லி வைச்சா.

இப்பிடியே ஒவ்வொரு கோலும். முறைப்பாட்டோடை வாற சனம் முறைப்பாட்டை மறந்துபோகும். காசைத் திருப்பித் தா எண்டு கத்திக்கொண்டு வந்த ஒருத்தி, "அவை பிரான்ஸ்காரருக்கு வித்திருக்கக் கூடாது" எண்டு அழுவாரைப் போலை சொல்லி வைச்சா. ஒருக்கா ஒரு ஆம்பிளை எடுத்து, மனுசியின்ரை பிரஷாலை நாயைக் குளிப்பாட்டினதிலை இருந்து அது முனகுது எண்டார். "நாயோ, பிரஷோ?" எண்டு இவர் கேட்டார். பிரஷ்தான் எண்டதும் வரலாற்றார் தலையணையிலை இருந்து எழும்பி நிண்டிட்டார். "ஐயா, பல்லிலை இருந்து வந்த சாமானை நீங்கள் நாயிலை கொண்டுபோய் விட்டிட்டியளே!" எண்டு தொடங்கி, முழுப் புராணமும் ஒண்டும் விடாமல் சொல்லி முடிச்சார். கடைசியிலை அந்தாள் மன்னிப்புக் கேட்டது. ஆரிட்டைக் கேட்டதெண்டுதான் எங்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

ஒரு கோல் நீண்டா மனேஜர்த் தம்பிக்கு மேலிடத்திலை இருந்து ஏச்சு வரும். தம்பி பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு, ஒருநாள் இவரைக் கண்ணாடி அறைக்குள்ளை கூப்பிட்டு, பதிவுசெய்த கோல் ஒண்டைப் போட்டுக் காட்டினார். நாங்கள் வெளியிலை நிண்டு எட்டி எட்டி விடுப்புப் பாத்தம்.

"சார், கேளுங்க. எவ்வளவு நேரம் பேசுறீங்கன்னு நீங்களே கேளுங்க. கொஞ்சம் சுருக்கமா முடிங்க சார்."

"வரலாற்றைச் சுருக்கினா அது வதந்தியாப் போயிடும் தம்பி."

பதிவு ஓடுது. தம்பி முதலிலை மணிக்கூட்டைப் பாத்தார். பிறகு கதிரையிலை சாய்ஞ்சார். பிறகு நாடியிலை கையை வைச்சார். பதிவு முடிய அவற்றை வாயிலை இருந்து வந்தது இதுதான்: "அப்புறம்? மத்த கம்பெனிக்காரன் எல்லாம் காப்பி அடிச்சானா சார்?"

"அதை நாளைக்குச் சொல்லுறன்" எண்டிட்டு வரலாற்றார் எழும்பி வந்தார். அதோடை அந்த விசாரணை முடிஞ்சுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். அஜக்ஸ் அக்கா.

ஸ்காபரோவுக்கு அங்காலை அஜக்ஸ் எண்ட ஊரிலை இருந்து ஒரு பெண்டு எடுத்தவ. சாச்சரிலை ஒரு சின்னப் பிரச்சினை. துடைச்சுப்போட்டுச் செருகுங்கோ எண்டு இவர் சொன்னார், சரிவந்திட்டுது. ஆனா கதை முடியேல்லை. பிரான்ஸ்காரர் வந்த இடத்திலை வழமைபோலை நிப்பாட்டிப்போட்டார் எல்லே, அடுத்த கிழமை அவ திருப்பி எடுத்து, "கெவினோடை கதைக்கலாமா?" எண்டு இங்கிலிசிலை கேட்டா. கெவின் எண்டது எங்கடை வரலாற்றார்தான். கெவின் எண்டு சொல்லேக்கை அவர் ஸ்வெற்றரை இழுத்துச் சரிபண்ணுறதைப் பாக்கவேணும்!

பேந்து கிழமைக்கு ஒரு கோல். பிரஷிலை ஒரு கோளாறும் இல்லை. இல்லாத கோளாறை அவ புதிசு புதிசாக் கண்டுபிடிச்சா. "லைற் கொஞ்சம் அதிகமா எரியுற மாதிரிக் கிடக்கு" எண்டா ஒருக்கா. "போன கிழமையை விட மெதுவா ஆடுது போலை" எண்டா இன்னொருக்கா. இவரும் சிரிக்காமல், "அதுக்கு ஒரு காரணம் இருக்கு மடம்" எண்டு பல்லிலை இருந்து தொடங்குவார்.

ஒருநாள் அவவின்ரை கோல் என்ரை லைனிலை விழுந்திட்டுது. இவருக்கு மாத்திவிட முந்தி அங்காலை ஏதோ சட்டி விழுந்த சத்தம். உடனை, "அட கோதாரி!" எண்டு ஒரு குரல். எனக்குத் தலையிலை குட்டினது போலை இருந்துது. வைச்சதும் ஓடிப்போய்ச் சொன்னன்.

"அண்ணை, உவ எங்கடை ஆள்! யாழ்ப்பாணம்! அச்சொட்டா எங்கடை கோதாரி!"

"தெரியும். அவவுக்கும் தெரியும்" எண்டார் மனுசன்.

"தெரியுமோ? பிறகேன் ரெண்டு பேரும் மாஞ்சு மாஞ்சு இங்கிலிஸ் கதைக்கிறியள்?"

அவர் சோத்துப் பெட்டியைத் திறந்து பாத்து மூடினார். பசியில்லையாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டு தமிழ் ஆக்கள், ஒராளை ஒராள் தமிழ் எண்டு தெரிஞ்சுகொண்டு, பிரஷைப் பற்றி இங்கிலிசிலை மாசக்கணக்காக் கதைக்கினம். விசர் பிடிச்ச உலகம் எண்டு நினைச்சுக்கொண்டு போய் என்ரை கதிரையிலை இருந்தன்.

ஒரு திங்கட்கிழமை மனேஜர்த் தம்பி பெரிய பெட்டியிலை டோனட் வாங்கிக்கொண்டு வந்தார். கனடாவிலை வேலை செய்தவைக்குத் தெரியும், காரணமில்லாமல் டோனட் வந்தா கெட்ட செய்தி வருகுதெண்டு அர்த்தம். அப்பிடியே வந்துது. பிரான்ஸ்காரர் அந்தப் பிரஷையே நிப்பாட்டுகினமாம். இனிச் செய்யமாட்டினம், விக்கமாட்டினம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு எங்கடை லைன் பூட்டு. எங்களை வேறை கொம்பனியின்ரை மைக்ரோவேவ் முறைப்பாட்டுக்கு மாத்துகினமாம், பக்கத்து நகரத்திலை.

எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. முகம் போனா என்ன, மைக்ரோவேவ் இருக்கு. நான் சொக்கிலற் டோனட்டை எடுத்துக் கடிக்கேக்கைதான் அந்தச் சத்தம் கேட்டுது. வரலாற்றார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுறார். தோள் ரெண்டும் குலுங்குது.

ஒபிஸ் செத்தவீடு மாதிரி ஆயிட்டுது. ஒருத்தி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தா. இன்னொருத்தர் முதுகைத் தடவி, "என்ன செய்யிறது அண்ணை, பிறந்ததெல்லாம் போகவேணும்தானே" எண்டார். மனேஜர்த் தம்பி கையைப் பிசைஞ்சுகொண்டு, "சார், அது நல்ல பிராடக்ட் சார், வரலாறுல நிக்கும் சார்" எண்டார். நானும் என்ரை பங்குக்கு, "உதைவிட நல்ல பிரஷ் வேறை வரும் அண்ணை" எண்டன். தலையை நிமித்தி என்னைப் பாத்தாரே ஒரு பார்வை!

"தங்கச்சி, பிரஷ் கிடக்கட்டும் குப்பையிலை" எண்டார்.

எனக்கு டோனட் தொண்டையிலை நிண்டிட்டுது. பிரஷ் இல்லையெண்டா பிறகு ஆருக்கு இந்தக் கண்ணீர்?

மத்தியானம் படிக்கட்டிலை இருத்தி வைச்சுக் கேட்டன். அப்பதான் சொன்னார். கலியாணம் கட்டினவராம். மனுசி வந்து, இஞ்சை படிச்சு, உங்களோடை எனக்குச் சரிவராது எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டுப் போயிட்டாவாம். சண்டை சச்சரவு ஒண்டும் இல்லை. ஆனா சனம் விடுதோ? கலியாண வீட்டிலை கண்டாலும் கேள்வி, மரக்கறிக் கடையிலை கண்டாலும் கேள்வி. அதாலைதான் ரெக்ஸ்டேல்.

"தமிழிலை வாயைத் திறந்தா முதல் கேள்வி ஊரிலை எவடம். ரெண்டாவது, ஆரின்ரை மோன். மூண்டாவது கேள்விக்கு முந்தி என்ரை சீத்துவக்கேடு முழுக்க வெளியிலை. இங்கிலிசிலை நான் கெவின். தமிழிலை நான் மனுசி விட்டிட்டுப் போன ஆள்."

"அவவும் அதுக்காகத்தான் இங்கிலிஸ் கதைக்கிறாவோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன். ஒருக்கா, வீடு பெரிசு, சத்தமில்லை எண்டு சொன்னவ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை." ஸ்வெற்றர்க் கையை இழுத்துவிட்டார். "அதோடை தங்கச்சி, தமிழிலை தொடங்கினா அவ என்னை என்னெண்டு கூப்பிடுவா? அண்ணை எண்டுதான். வேறை என்னெண்டு கூப்பிடேலும்? அண்ணை எண்டு ஒருக்காச் சொல்லிட்டா பேந்து என்ன கிடக்கு?"

அது நியாயமான பயம்தான் பாருங்கோ. எங்கடை ஆக்களிலை ஒரு பொம்பிளை ஒருக்கா அண்ணை எண்டு சொன்னாச் சொன்னதுதான்.

"அவவின்ரை நம்பர் கொம்பியூற்றரிலை கிடக்குமே அண்ணை, எடுத்து..."

"அது களவு" எண்டார் சட்டெண்டு. "பிரஷுக்குத் தந்த நம்பரை என்ரை தேவைக்கு எடுத்து ஒரு தனிப் பொம்பிளைக்குப் போன் அடிச்சா, அவ பயப்படமாட்டாவோ? அவ எடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கிடையிலை எடுத்தா நான் தமிழிலை உள்ளதைச் சொல்லுவன். எடுக்காட்டி அவ்வளவுதான்."

எனக்கு அந்த இடத்திலை மனுசனைக் கட்டிப்பிடிச்சு அழவேணும் போலை இருந்துது. ஒபிசிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். என்ரை வாய் அப்பிடி. மனேஜர்த் தம்பிக்கும் மெதுவாத் தமிழை மாத்தி விளங்கப்படுத்தினன். தம்பி கண் கலங்கி, "அக்கா, அஜக்ஸ்ல இருந்து யார் கூப்பிட்டாலும் நேரா சாருக்கு மாத்துங்க" எண்டு உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவாலைதான் வந்துது வில்லங்கம். பிரஷ் நிக்கப்போகுது எண்ட செய்தி பரவி, சனம் எல்லாம் பயந்து அடிக்கத் தொடங்கிட்டுது. அஜக்ஸிலை இவ்வளவு பேர் கரண்டிலை முகம் கழுவுகினம் எண்டு ஆருக்குத் தெரியும்? புதன்கிழமை எங்கடை ஒபிஸ் பொடியன் ஒருத்தன், அஜக்ஸ் எண்ட சொல்லைக் கேட்டதுதான் தாமதம், ஆள் ஆர் எண்டும் பாராமல் இவருக்கு மாத்திவிட்டிட்டான். "அண்ணை, அஜக்ஸ்!" எண்டு கத்தினான்.

வரலாற்றார் எழும்பி நிண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சிலை தமிழிலை கொட்டினார். "நான் கெவின் இல்லை. ஊர் அளவெட்டி. மனுசி விட்டிட்டுப் போயிட்டா, பிழை ரெண்டு பக்கமும்தான். ரெக்ஸ்டேலிலை ஒரு அறையிலை இருக்கிறன். சமைக்கத் தெரியும். உங்கடை கோல் வராத கிழமை எனக்குச் சோறு இறங்காது. என்னை அண்ணை எண்டு மட்டும் கூப்பிட்டிடாதையுங்கோ."

ஒபிஸ் முழுக்க மூச்சு விடாமல் நிக்குது. பொடியன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். பேந்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின்ரை குரல், இங்கிலிசிலை: "அன்பே, அது பிரெஞ்சா? ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா கேக்க நல்லாயிருந்தது. எனக்கு ரெண்டு மாற்றுப் பிரஷ் தேவை."

மனுசன் கதிரையிலை விழுந்தார். தைரியம் முழுக்க அந்த அம்மாவிலை செலவழிஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை வந்துது. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு ஆள் வந்து போன்களைக் கழட்டத் தொடங்கிட்டான். வரலாற்றாற்றை போன் முதலிலையே போயிட்டுது. அவர் வெறும் மேசைக்கு முன்னாலை தலையணையிலை இருந்தார். கடைசியா மிஞ்சினது என்ரை லைன். நாலே முக்காலும் தாண்டியாச்சு. மணியடிச்சுது.

"கெவினோடை கதைக்கலாமா?" இங்கிலிசிலை. அவவேதான். செய்தி இண்டைக்குத்தான் தெரியுமாம், மத்தியானம் தொடக்கம் போன் வரிசையிலை நிக்கிறாவாம்.

என்ரை பதட்டத்திலை, "ஓம் அக்கா, நிக்கிறார் அக்கா, வைச்சிடாதையுங்கோ அக்கா!" எண்டு சுத்தத் தமிழிலை கத்திப்போட்டன். ஐயோ, எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன் எண்டு நாக்கைக் கடிச்சன். அவ அங்காலை இருந்து பேந்து மெதுவா, "சரி, குடுங்கோ" எண்டா. தமிழிலை.

காதிலை மாட்டுறதைக் கழட்டி ஒரு பக்கத்தை அவற்றை காதிலை வைச்சன், மற்றப் பக்கத்தை என்ரை காதிலேயே வைச்சிருந்தன். வெக்கம் கெட்ட வேலைதான். ஆனா நீங்கள் எண்டா விட்டிருப்பியளோ?

மனுசன் வாயைத் திறந்தார். என்ன வந்தது தெரியுமோ? இங்கிலிஸ். "மடம், கொம்பனி ஏன் இந்த முடிவுக்கு வந்தது எண்டு விளங்கவேணுமெண்டா நாங்கள் பல்லிலை இருந்து..."

நான் அவற்றை கையிலை நுள்ளினன். அதுக்கிடையிலை அவ குறுக்கிட்டா.

"எப்பவும் பல்லிலை இருந்துதான் தொடங்குறியள்" எண்டா தமிழிலை. "உங்களிலை இருந்து எப்ப தொடங்கப் போறியள்?"

வரலாற்றார் ஒருக்கா என்னைப் பாத்தார், ஒருக்கா மனேஜரைப் பாத்தார். "நான்... எனக்கு... மனுசி இல்லை. விட்டிட்டுப் போயிட்டா" எண்டார்.

"எனக்கும் மனுசன் இல்லை. நான்தான் விட்டிட்டு வந்தனான்" எண்டா அவ. "இந்த லைன் பூட்டினா நான் உங்களை எங்கை தேடுறது?"

"என்ரை நம்பரைத் தாறன்" எண்டார். தாறன் எண்டிட்டு நிண்டார். நிண்டுகொண்டே இருந்தார். முகம் வெளிறிப் போச்சு. சொந்த நம்பர் ஞாபகமில்லை! பல்லுப் பிரஷ் பிறந்த கதையிலை ஒரு புள்ளி தவறாத மனுசனுக்குத் தன்ரை போன் நம்பர் வரேல்லை. போனைத் தேடினா அது கீழை மீன்கடையிலை சாச்சிலை கிடக்குதாம். மேலை செருகிற இடமெல்லாம் கழட்டியாச்சு எல்லே!

"தம்பி!" எண்டு நான் கத்தினன். மனேஜர்த் தம்பி கொம்பியூற்றருக்குப் பாய்ஞ்சு, வேலைக்காரரின்ரை விபரத்தைத் திறந்து, நடு ஒபிசிலை நிண்டு உரத்து வாசிச்சார். தம்பி ஒரு இலக்கம் சொல்ல, நான் அதைத் திருப்பிச் சொல்ல, வரலாற்றார் அதைப் போனுக்குள்ளை சொல்ல, கழட்ட வந்த ஆளும் என்னவோ ஏதோ எண்டு வயரைக் கையிலை வைச்சுக்கொண்டு வாயைப் பிளந்து நிக்கிறான். கடைசி இலக்கத்துக்கு வர, லைன் செத்துப்போச்சு. அஞ்சு மணி. தலைமை ஒபிசிலை தானாகவே பூட்டிற மாதிரி வைச்சிருந்தவையாம்.

கடைசி இலக்கம் அவவுக்குக் கேட்டுதோ இல்லையோ? நான் கேட்டிருக்கும் எண்டன். தம்பி கேட்டிருக்காது எண்டார். கழட்ட வந்தவன் தோளை உயர்த்தினான். வரலாற்றார் தலையணையை எடுத்துக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு படியாலை இறங்கிப் போனார். அந்த முதுகைப் பாக்க என்னாலை ஏலாமல் இருந்துது.

அடுத்த நாள் பொறுக்கமாட்டாமல் அவருக்கு அடிச்சன். நம்பர்தான் எங்கள் எல்லாருக்கும் பாடமாச்சே. மணி ஒருக்கா அடிக்க முந்தி எடுத்தார். "ஹலோ!" எண்ட குரலிலை உயிர் இருந்துது. நான் எண்டு தெரிஞ்சதும் அது போயிட்டுது. "நீரோ? வையும் தங்கச்சி, வையும் போனை. லைன் பிஸியாகுது." வைச்சன். ஒபிசிலை இருந்த எல்லாரும் இப்பிடி ஒவ்வொருத்தரா அடிச்சு ஏச்சு வாங்கியிருக்கினம். மனேஜர்த் தம்பி உட்பட.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரே எனக்கு எடுத்தார்.

"எடுத்தவவோ அண்ணை?"

"எடுத்தவ."

"அப்ப கடைசி இலக்கம் கேட்டிருக்கு! நான் சொன்னனான் எல்லே!"

"கேக்கேல்லையாம் தங்கச்சி." குரல் தழதழத்துது. "சைபரிலை இருந்து, துணிவு வர வர ஒவ்வொண்டா அடிச்சுப் பாத்தவவாம். முதலிலை ஒரு பீசாக் கடை. பேந்து பார்க்டேலிலை ஒரு கிழவனாம், கதைக்க ஆளில்லாமல் கனநேரம் பிடிச்சு வைச்சிருந்ததாம். ஒரு தமிழ் ஆளும் எடுத்து ஊரிலை எவடம் எண்டு கேட்டுதாம், பயந்து வைச்சிட்டாவாம். பேந்தும் விடேல்லையாம். என்ரை நம்பர் ஒன்பதிலை எல்லே முடியுது..."

கூச்சக்காரப் பெண்டு, ஊர்ச்சனத்துக்குப் பயந்து இங்கிலிசிலை ஒளிச்சிருந்த பெண்டு, முன்பின் தெரியாத அத்தினை பேரிட்டையும் "கெவின் இருக்கிறாரோ" எண்டு கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறா.

"என்னெண்டு கூப்பிட்டவ அண்ணை? அண்ணை எண்டோ?" எண்டு கேட்டன். விடுப்பு அறியிற ஆசை, என்ன செய்யிறது.

"ஒரு பேரும் சொல்லிக் கூப்பிடேல்லை. கண்டுபிடிச்சிட்டன் எண்டவ. அவ்வளவும்தான்."

இப்ப ரெண்டு பேரும் அஜக்ஸிலை இருக்கினம். அந்தப் பிரஷை விட்டாச்சாம், மாற்றுத்தலை கிடைக்கிறேல்லை. இப்ப ரெண்டு பேரும் வெறும் கையாலைதான் முகம் கழுவுகினமாம். மனுசன் அண்மையிலை எங்கடை வீட்டு மைக்ரோவேவைக் கண்டிட்டு, அது எப்பிடிப் பிறந்தது எண்டு தேடத் தொடங்கியிருக்கிறார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் புராணம் சொல்ல எனக்குப் போன் வரும். வரட்டும். அடுப்பிலை கறி கருகினாலும் பரவாயில்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருப்பன்.